நாற்காலியின் அடியில் ஓர் அரக்கீறல்

சித்தி எந்த நாற்காலியிலும் உடனே உட்கார மாட்டாள். இரும்புக் குழாயில் செய்ததாக இருந்தால், முதலில் அதன் முதுகைப் பிடித்து லேசாக ஓர் அசைப்பு. பிறகு, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல், குனிந்து அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். கால்கள் இருக்கையோடு சேரும் இடத்தில் கட்டை விரலை வைத்துக் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் வருவாள். விரல் ஓர் இடத்தில் நிற்கும். கொஞ்சம் பின்னால் போகும். மறுபடி அதே இடத்துக்கு வரும். முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு நாற்காலியை நிமிர்த்தி, ஒன்று அதில் உட்காருவாள், இல்லையென்றால் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"இது சிரிக்குது. நான் உட்கார்ந்தா இன்னும் சத்தமா சிரிக்கும்."

சிரிப்பது என்றால் விரிசல். வெல்டின் ஓரத்தில், முடி அகலத்துக்கு இரும்பு வாய் திறந்திருப்பது.

ஒருமுறை பல் மருத்துவமனையில் வரிசையாகப் பிணைத்த நாற்காலிகள். கவிழ்க்க முடியாது. சித்தி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டுத் தலையை அடியில் விட்டாள். வீங்கிய கன்னங்களோடு காத்திருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?"

"இன்னும் விழல," என்றது நாற்காலிக்கு அடியிலிருந்து சித்தியின் குரல். "அந்தக் கடைசி நாற்காலில மட்டும் கனமான ஆள் யாரையும் உட்கார வைக்காதீங்க."

கடைசி நாற்காலியில் இருந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்ல எழுந்து சுவரோரம் நின்றார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்தப் பழக்கத்தை வைத்து அதிகம் கிண்டல் செய்கிறவர் மாமா. அம்மா, சித்தி, மாமா என்ற மூவரில் கடைக்குட்டி. பிறந்ததிலிருந்தே அவருக்கு இரண்டு கால்களும் வராது. "கால் ஓடாத குறைக்கு எனக்கு வாய் ஓடும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். "எங்கக்காவுக்குச் சொர்க்கத்துல இடம் கிடைச்சாலும், குடுத்த நாற்காலியைக் கவுத்துப் பாத்துட்டுத்தான் உட்காருவா. என் நாற்காலியை மட்டும்தான் அவளால கவுக்க முடியாது. நான் அதுல இருக்கேன்ல?"

சித்தி விட மாட்டாள். "நீ தூங்குறப்ப கவுத்துப் பாத்துட்டேன்டா."

அது உண்மை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சித்தி வெல்டிங்குக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் வகுப்புக்குத்தான் விண்ணப்பித்தாள். தையலில் இடம் தீர்ந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர், வெல்டிங்கில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது ஆண் பிள்ளைகள் படிப்பது என்று இழுத்தாராம். "அதுவும் ரெண்டைச் சேக்குற வேலைதானே? எழுதுங்க" என்றாளாம் சித்தி. பிற்பாடு அவள் கல்யாணம் செய்துகொண்டது ஒரு தையல்காரரை. "எனக்கு இடம் குடுக்காத வகுப்பையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்பாள். சித்தப்பா தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

அவளுடைய பட்டறை, ஒரு டயர் கடைக்கும் ஓர் அச்சகத்துக்கும் நடுவில் செருகி வைத்தது போல இருக்கும். தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் சூடான இரும்பும் ரப்பரும் அச்சு மையும் கலந்த ஒரு வாசனை. மருத்துவமனைக் கட்டில்கள், ஊன்றி நடக்கும் சட்டங்கள், சக்கர நாற்காலிகள். எல்லாம் மெல்லிய குழாயில் செய்பவை. கனத்த இரும்பு வேலை வந்தால் தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு பட்டறைக்கு அனுப்பிவிடுவாள்.

"தடிமனான இரும்பை எவன் வேணா ஒட்டலாம். அது மன்னிக்கும். மெல்லிசு மன்னிக்காது."

மெல்லிசு என்றால், குழாயின் சுவர் இரண்டு நகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிமன். வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் உருக்கும் கம்பி, காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் டார்ச்சின் நுனியில் வெளிச்சம் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஒரு கணம் அதிகமாக நின்றால் குழாயில் ஓட்டை விழுந்துவிடும். ஒரு கணம் முந்தி நகர்ந்தால் கம்பி மட்டும் உருகி, குழாயோடு சேராமல் மேலே உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும். நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒளிரும் ஒரு சொட்டை உருட்டிக்கொண்டே போக வேண்டும். கறுப்புக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தேன். உலகத்தில் மற்ற எல்லாம் அணைந்துபோய், அந்தச் சொட்டு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

பட்டறையில் அவளோடு இருப்பவர் ஒருவர்தான். மீன்வாய் என்பது அவர் பெயர், அல்லது பெயராகிப்போனது. ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் போய் முட்டும்போது இடைவெளி இல்லாமல் தழுவ வேண்டுமென்றால், அதன் முனையை மீன் வாயைப் போல வளைவாக வெட்ட வேண்டும். அதுதான் அவர் வேலை. வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். சித்தி இரண்டு குழாய்களையும் பொருத்தி பல்புக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள்.

"வெளிச்சம் வருது."

"அது உங்க கண்ணுல இருக்கிற வெளிச்சம்மா."

"அப்ப அதையும் அடைச்சுட்டு வாங்க."

அவர் முனகிக்கொண்டே அரத்தை எடுப்பார். இது தினமும் நடப்பது. ஒருநாள் நடக்காவிட்டால் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புது வேலை எது வந்தாலும், வேண்டியதைவிட ஓர் இணைப்பு கூடுதலாகச் செய்வாள். அது உடைப்பதற்கு. வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி, நீளக் குழாய் ஒன்றை நெம்புகோலாகச் செருகி, மீன்வாயும் அவளும் சேர்ந்து கிழியும்வரை இழுப்பார்கள். கிழிந்த வாயைப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. அப்படி அடி வாங்கப் போகிற துண்டில், முதல் வேலையாக, பாரம் ஏறாத ஓர் ஓரத்தில் முக்கோண அரத்தால் ஒரு கீறல் போட்டுவிடுவாள். கீறல் இருந்தால் அது வாசலைத் தாண்டக் கூடாது. வெளியே பார்க்க எவ்வளவு முழுசாக இருந்தாலும் சரி.

"கம்பியை முன்னாடியும் பின்னாடியும் வளைச்சுக்கிட்டே இருந்தா கடைசில பொட்டுன்னு ஒடியுதுல்ல? அது ஒடியுறதுக்கு முந்தின நிமிஷம் எப்படி இருந்துச்சு? நல்லாத்தான் இருந்துச்சு," என்பாள். "இரும்பும் களைக்கும். சொல்லாது. அவ்வளவுதான்."

மாமா சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறவர். அதைப் பார்க்காதவர்கள் ஏதோ பொறுமையான விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று, நாற்காலி ஒரு வண்டைப் போலத் தரையோடு பதுங்கி இருக்கும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் அரங்கத்தின் கூரையில் போய் அடிக்கும். மாமா மோதுவதில் கெட்டிக்காரர். வாய் மாதிரியே வண்டியும். எதிராளியின் வழியில் குறுக்கே போய் நின்று இடி வாங்குவதுதான் குழுவில் அவருடைய இடம். இடி வாங்குகிறவருக்கு இடி தாங்குகிற நாற்காலி வேண்டும். அது அவருக்கு வாய்க்கவில்லை.

கம்பெனியில் வாங்கிய நாற்காலி போட்டியின் நடுவே ஒடிந்தது. சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்குழாய் இருக்கையின் தூணோடு சேரும் இடம். மாமா சித்தியிடம் கொண்டுவந்தார். தம்பியின் நாற்காலி என்பதால் சித்தி கைநிறைய அள்ளிக் கொடுத்தாள். ஒரு சுற்று வெல்டு போட்டு, மனசு கேட்காமல் அதன்மேல் இன்னொரு சுற்று, அதற்கும் மேல் ஒன்று. விரல் பருமனுக்கு இணைப்பைச் சுற்றி ஒரு மாலை போல நின்றது. மீன்வாய்கூட, "இது அணைக்கட்டும்மா" என்றார்.

அடுத்த போட்டியிலேயே அது ஒடிந்தது. வெல்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல், வெல்டு முடிந்து குழாய் தொடங்கும் கோட்டில், கத்தியால் அறுத்ததுபோல் குழாய் கிழிந்திருந்தது.

மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அக்கா, உன் வெல்டுக்கு ஒண்ணும் ஆகல. சும்மா சொல்லக் கூடாது, பாறை மாதிரி நிக்குது. நான்தான் தரையில கிடந்தேன்."

சித்தி சிரிக்கவில்லை. அவர் மடியிலிருந்து அதை வாங்கிக் கட்டை விரலால் சுற்றி வந்தாள்.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோச் சொல்லிட்டாரு. இன்னொரு தடவை சட்டம் ஒடிஞ்சா வெளிய உட்கார்ந்து கைதட்டுன்னு. என் இடத்துக்கு ஒருத்தன் தயாரா இருக்கான். அவனும் நல்லாத்தான் ஆடுறான்." பிறகு, பழக்க தோஷத்தில், "மூக்குதான் கொஞ்சம் கோணல்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கச் சித்தி அதைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடைந்த துண்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வெல்டுக்குப் பக்கத்தில் குழாயின் மேல் சூடு பட்ட நிறங்கள்: வைக்கோல் நிறம், ஊதா, நீலம். மழை நின்றபின் சாலையில் எண்ணெய் படர்ந்தது போல அழகாக இருந்தது. கிழிசல் அந்த நிறங்களின் விளிம்பிலேயே ஓடியிருந்தது.

சித்தப்பா ஒரு பள்ளிப்பையின் தோள்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். மேசையைப் பார்க்காமலே சொன்னார். "தையல் கிழியல. தையலோட கரையில கிழிஞ்சிருக்கு."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"பட்டை பிய்யக் கூடாதுன்னு மேல மேல ஓட்டினா ஊசி ஓட்டையே துணியைத் தின்னுடும். பட்டையோட அடியைக் கொஞ்சம் அகலமா பரப்பி, அளவா தச்சா போதும்."

"துணியும் இரும்பும் ஒண்ணா? போய் உங்க பட்டனை எண்ணுங்க."

சித்தப்பா பட்டன்களை எண்ணப் போனார். சித்தி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல், அவர் தைத்து முடித்த பையை எடுத்துத் தோள்பட்டையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

"அது கஸ்டமரோடது!" என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை பட்டறையில் சித்தி மீன்வாயிடம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் தன் தவறை இவ்வளவு தைரியமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "தம்பிக்குன்னு பாசத்தை அள்ளிக் கொட்டிட்டேன். சூடு வாங்கி வாங்கிப் பக்கத்துக் குழாய் இளகிப்போச்சு. நடுவுல ஒரு கல்லு, பக்கத்துல ஒரு காகிதம். வளையுறப்ப கல்லு வளையுமா? காகிதம்தான் மடங்கும். மடங்கின கோட்டுலயே கிழிஞ்சிருக்கு."

"அப்ப பாசத்தைக் குறைச்சுக்கணும்கிறீங்க."

"பாசம் இருக்கட்டும். பத்த வைக்கிறதைக் குறைக்கணும். நீங்க மட்டும் வெளிச்சம் வராம வெட்டிக் குடுங்க."

அந்த முறை மீன்வாய் வெட்டிய முனைகளில் பல்பைப் பிடித்துப் பார்த்தும் ஓர் இழை வெளிச்சம் வரவில்லை. குழாய் குழாயைத் தழுவி உட்கார்ந்தது. இடைவெளி இல்லையென்றால் நிரப்புவதற்குக் கம்பி அதிகம் வேண்டாம். கம்பி குறைந்தால் சூடும் குறையும். சித்தி முதலில் பிடிமானத்துக்கு நான்கு பக்கமும் வெல்டால் புள்ளி வைத்தாள். பிறகு ஒரு சின்ன ஓட்டம். நிறுத்தி, எதிர்ப்பக்கத்தில் ஒன்று. நிறுத்தி, புறங்கையை வைத்துப் பார்த்து, சுடாமல் தாங்கினால்தான் அடுத்தது. குழாய் மூடப்போகும் கடைசி இடத்துக்கு முன்னால், யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் ஊசி அளவு ஓட்டை போட்டாள். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி வெளியேற வழியில்லையென்றால், கடைசிச் சொட்டு மூடும்போது அதைத் துப்பிக்கொண்டு வெளியே வரும். "மூச்சு விட இடம் வேணும்ல?" என்றாள். சேரும் மூலையில், இலை வடிவத்தில் வெட்டிய மெல்லிய தகடு ஒன்று. அதன் நுனிகள் கூராகி, குழாயோடு கரைந்து போயின.

சித்தப்பா மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது அதைப் பார்த்துவிட்டார். "இது என் பட்டை."

"இது தகடு."

"என் பேரையாவது அதுல எழுதணும்."

"எழுதலாம். தகடு சின்னது. உங்க பேரு பெருசு."

முடிந்தபோது இணைப்பு பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லாதது போல் இருந்தது. அடுக்கி வைத்த சின்ன நாணயங்களைப் போல மெல்லிய ஒரு கோடு. மாமா வந்து பார்த்தார். "என்னக்கா, போன தடவை விருந்து வச்ச. இந்தத் தடவை மருந்தா?"

"மருந்துதான்டா. உனக்கு இல்ல, எனக்கு."

அவள் இந்த முறை ஓர் இணைப்பை மட்டும் உடைத்துப் பார்க்கத் தயாராக இல்லை. ஒரே மாதிரி இரண்டு முழுச் சட்டங்களைச் செய்தாள். ஒன்று ஆட, ஒன்று அடி வாங்க. அடி வாங்கப் போவதன் இருக்கைக்கு அடியில் அரக்கீறல் போட்டாள். அதில் சக்கரங்களை மாட்டி, மடியில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்தாள். பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மீன்வாய் தள்ள, மறு கோடியில் இருந்த சுவரில் போய் மோதினாள். எழுந்து இறங்கி, கவிழ்த்து, கட்டை விரலால் பார்த்து, மறுபடி ஏறினாள். அன்று மத்தியானம் முழுக்க அந்தத் தெருவில் இதே சத்தம். அச்சகத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் உடைந்தது சுவர்தான். காரை உதிர்ந்து, ஒரு செங்கல் நகர்ந்து, அந்தப் பக்கம் டயர் கடைக்காரரின் முகம் தெரிந்தது.

"ஏம்மா," என்றார் அவர் ஓட்டை வழியாக, "என்னைப் பாக்க வரணும்னா வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

சித்தி மணல் மூட்டையோடு சிரித்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். சட்டம் சிரிக்கவில்லை. ஆனாலும் கீறல் கீறல்தான். அதை ஓரமாக வைக்கச் சொன்னாள்.

அடுத்து நடந்தது மீன்வாயின் உற்சாகம். பெயிண்ட் அடிக்கும் நாளில் அவர் கண்ணில் இரண்டு சட்டங்கள் பட்டன. இரண்டுக்கும் நீல பெயிண்ட் அடித்து, முன்கம்பியின் நசுங்கல்களையும் பூசி மெழுகி, பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடி வாங்கினதுக்கு எதுக்குங்க அலங்காரம்?" பிறகு, பெயிண்டுக்கு அடியிலும் கீறல் கட்டை விரலுக்குத் தட்டுப்படும் என்பதால் விட்டுவிட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் ஒரு மருத்துவமனையில் கட்டில்களைச் சரி செய்யச் சித்தியும் மீன்வாயும் போயிருந்தார்கள். மாமா குழுவின் வேனில் வந்து, சாவியை அச்சகத்தில் வாங்கி, தன் சட்டத்தைத் தானே எடுத்துப் போய்விட்டார். மறுநாள் அரங்கத்தில் எங்களைப் பார்த்ததும் சக்கரத்தை ஒரே சுழற்றாகச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"உன்ன மாதிரியே கவுத்து, தடவிப் பாத்துத்தான் எடுத்தேன். நீ இல்லன்னா எனக்கு வேலை தெரியாதுன்னு நினைச்சியா?"

சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டியாடா?" என்று என் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷம் கிண்டல் பண்ணின கை அது."

நாங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். சித்தி பெஞ்சின் அடியைப் பார்த்த பிறகுதான். கோச் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தார். மாமாவைத் தாண்டும்போது நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். மூக்குக் கோணலான இளைஞன் ஓரத்தில் துண்டோடு காத்திருந்தான். உண்மையில் அவனுக்கு மூக்கு நேராகத்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. மாமா குறுக்கே போனார், இடி, திரும்பினார், மறுபடி குறுக்கே, இடி. சத்தத்தை வைத்தே சித்தி ரசித்தாள். "கேளு, மணி மாதிரி கேக்குது. விரிசல் விட்டா ஓட்டைப் பானை மாதிரி கேக்கும்."

பாதி ஆட்டத்துக்கு முன்னால், எங்களுக்கு நேர் எதிரே, இரண்டு பேர் ஒரே சமயத்தில் மோதியதில் மாமா பக்கவாட்டில் கவிழ்ந்தார். நாற்காலியின் அடிப்பாகம் முழுக்க எங்களைப் பார்த்திருந்தது. சக்கரங்கள் ஆகாயத்தில் சுற்றின. அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பை ஓர் உதறு உதறி, நாற்காலியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது.

சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகல சித்தி. உட்காருங்க."

"நீ உட்காரு."

அதன்பின் அவள் உட்காரவேயில்லை. இடைவேளையில்கூட. பின்னால் இருந்தவர்கள், "மறைக்குதும்மா" என்றார்கள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஆட்டத்தைவிட அவள் கையைத்தான் அதிகம் பார்த்தேன். கட்டை விரல், கம்பியும் தூணும் சேரும் இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா ஒவ்வொரு முறை இடி வாங்கும்போதும் நின்றது. இடியின் சத்தம் அடங்கியதும் மறுபடி சுற்றத் தொடங்கியது. தம்பி விழுந்ததைப் பார்த்த அக்காவின் பதற்றம் என்று நான் நினைத்துக்கொண்டேன். முகத்தில் மட்டும் பதற்றம் இல்லை. டார்ச்சைப் பிடித்திருக்கும்போது இருக்கிற முகம் அது.

கடைசி நிமிடங்களில் எதிர்க் குழுவின் தடியர் ஒருவர் கூடையை நோக்கிப் பாய்ந்து வந்தார். மாமா நழுவியிருக்கலாம். நழுவவில்லை. குறுக்கே போய், சக்கரங்களைப் பிடித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அந்த இடி எங்கள் பெஞ்சு வரை வந்தது. ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு ஒரு நாற்காலி மெல்ல, வெட்கப்பட்டுக்கொண்டே, ஒரு பக்கமாக மடங்கியது. எதிராளியுடையது.

எங்கள் பக்கம் ஜெயித்தது. கோச் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமாவிடம் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்குக் காலைல பயிற்சி. வாயைக் கொஞ்சம் வீட்டுல வச்சிட்டு வா." மாமாவின் காதுவரை சிரிப்பு.

எல்லாரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டபோது, சித்தி எதிராளியின் உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கவிழ்த்து, கட்டை விரலால் சுற்றி வந்தாள். அந்தத் தடியர் தரையில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தார்.

"இது சிரிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு தம்பி. நாளைக்குப் பட்டறைக்கு எடுத்துட்டு வா."

"நீங்க அவங்க ஆளாச்சே?" என்றார் அவர்.

"ஆடுறப்பதான் அவங்க ஆளு. உடைஞ்சா எல்லாரும் என் ஆளு."

பிறகு மாமாவிடம் போய், சக்கரம் லேசாக இழுப்பதுபோல் தெரிகிறது, சட்டத்தைக் கழற்றிக் கொடு, ராத்திரிக்குள் சரி செய்துவிடுகிறேன் என்றாள். மாமாவுக்கு எந்த இழுப்பும் தெரியவில்லை. ஆனால் அன்று அவர் அக்கா என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தார்.

இப்போது சித்தியின் பட்டறையில் பாதி வேலை விளையாட்டு நாற்காலிகள்தான். இரண்டு குழுக்களும் அவளிடமே வருகிறார்கள். தெருவில் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் வைதுகொண்டு காத்திருக்கிறார்கள். மீன்வாய் இன்னமும் முனகுகிறார். டயர் கடைச் சுவரில் அந்த ஓட்டையை அடைக்கச் சித்தியும் கடைக்காரரும் மறந்துவிட்டார்கள். அதன் வழியாகத்தான் இப்போது டீ கைமாறுகிறது. சித்தப்பாவின் பட்டையைத்தான் எல்லாச் சட்டத்திலும் வைக்கிறாள், தகடு என்று சொல்லிக்கொண்டு.

பல மாதங்கள் கழித்து, மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நாற்காலியைப் பார்த்து எடுப்பது எப்படி என்று என் அம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "பெயிண்டைப் பாக்கக் கூடாதுக்கா. தடவிப் பாக்கணும். அன்னைக்கு ரெண்டு சட்டம் தொங்குச்சு, அச்சு அசல் ஒரே மாதிரி. ஒண்ணுல ஒண்ணுமில்ல. இன்னொண்ணுல, அடியில, அரத்தால ஒரு கீறல். அதுதான் சின்னக்கா பாத்து முடிச்சதுக்கு முத்திரைன்னு எனக்குத் தெரியாதா? அதைத்தான் எடுத்தேன்."

அம்மா தலையாட்டினாள். நான் எழுந்து பட்டறைக்குப் போனேன்.

சித்தி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். அவன் கவுந்தப்பவே கீறலைப் பாத்துட்டேன்."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே சித்தி?"

"நிறுத்தினா அவனை வெளிய உட்கார வச்சிருப்பாங்க." முகமூடியை இறக்கப்போனவள், கையை நடுவில் நிறுத்தினாள். "அன்னைக்கு நாங்க மோதுறதை நிறுத்தினது சுவரு உடைஞ்சதாலடா. சட்டம் உடைஞ்சதால இல்ல."

நீலச் சட்டம் அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. போட்டி முடிந்த அன்று ராத்திரியே அதை வைத்துக்கொண்டு, கீறல் இல்லாததை அனுப்பிவிட்டாள் என்பதும், தன்னை ஜெயிக்க வைத்தது அடி வாங்கக் கிடந்த நாற்காலி என்பதும், மாமாவுக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.